முதல் தீவுப் பயணமா? கடல் கடக்கும் நேரத்தை முதலில் எண்ணுங்கள்

அந்தமான் தீவுகளைப் பார்க்க முதன்முறையாகக் கிளம்புகிறவர்கள் பாளையங்கோட்டையில் இருக்கும் என் டிக்கெட் கடைக்கு ஒரு காகிதத்தோடு வருவார்கள். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், ராஸ், நார்த் பே, பாராடாங், டிக்லிப்பூர், பேரன் தீவு என்று வரிசையாக எழுதியிருக்கும். "அண்ணாச்சி, ஆறு நாள் லீவு இருக்கிறது. இதெல்லாம் பார்த்துவிடலாமா?" என்று கேட்பார்கள். நான் ஒரு பேனாவைக் கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அங்கே போய்ச் சேரக் கடலில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதச் சொல்வேன். எழுதி முடிப்பதற்குள் பாதிப் பெயர்களை அவர்களே அடித்துவிடுவார்கள்.

சங்கரன்கோவில், தென்காசி, குற்றாலம் என்று ஒரே நாளில் கார் வைத்துக்கொண்டு சுற்றுவதைப் போலத் தீவுகளைச் சுற்ற முடியாது. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்கு வேகப் படகில் ஒன்றரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அது படகு ஓடும் நேரம் மட்டும்தான். காலையிலேயே அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டிகளைக் கட்டி வண்டி பிடித்து, படகு புறப்பட ஒரு மணி நேரம் முன்னதாகத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ஆதார் அட்டையைக் காட்டி, பைகளைச் சோதனைக்குக் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் இறங்கியதும் மறுபடி பெட்டி, மறுபடி வண்டி, அறை தயாராகும்வரை வரவேற்பறை நாற்காலி. இரண்டு மணி நேரப் படகு அரை நாளைச் சாப்பிட்டுவிடும். ஆகவே எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான்: இரவு தங்கும் தீவு எதுவானாலும் அங்கே குறைந்தது இரண்டு இரவு. உங்கள் கையில் உள்ள இரவுகளை இரண்டால் வகுங்கள். அதற்கு மேல் ஒரு தீவைக்கூடச் சேர்க்காதீர்கள்.

அந்தமான் நிக்கோபாரில் மக்கள் வாழும் தீவுகளே முப்பதுக்கு மேல். பாறைகளையும் திட்டுகளையும் சேர்த்தால் எண்ணூறைத் தாண்டும். அத்தனையில் முதல் பயணத்துக்கு மூன்று பெயர்கள் போதும்: போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல். பெயர் மாற்றங்களை நினைவில் வையுங்கள். 2018 முதல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். டிக்கெட்டில் ஒரு பெயரும் ஆட்டோக்காரர் வாயில் இன்னொரு பெயரும் இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான், பதற வேண்டாம்.

சென்ற ஆண்டு பெருமாள்புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே ஆச்சி. ஆறு பகல், ஐந்து இரவு. அவர்களுக்கு நான் போட்டுக்கொடுத்த வரிசையைச் சொல்கிறேன். முந்தின இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை. அங்கிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். அன்றைக்குப் படகு கிடையாது. விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால்கூடப் படகு டிக்கெட் வீணாகும். அதோடு, ரயில் களைப்போடு கடலில் ஏறினால் தலைசுற்றல் இரட்டிப்பாகும். அன்று மாலை செல்லுலார் சிறை மட்டும். மறுநாள் காலை ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் காலை நீல், அங்கே ஒரே ஓர் இரவு. ஐந்தாம் நாள் பிற்பகல் படகில் போர்ட் பிளேர் திரும்பி, ஆறாம் நாள் விமானம். இரண்டு இரவுக் கணக்கு நீலில் உடைகிறதே என்பீர்கள். ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஒரு மணி நேரம்தான். தீவும் சிறியது, வாடகை சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். ஆகவே அதற்கு மட்டும் விலக்குக் கொடுப்பேன். ஆனால் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அதை நீலுக்கே கொடுங்கள். இதை நான் யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ஹேவ்லாக்கில் பார்க்க நிறைய உண்டு. நீலில் உட்கார இடம் உண்டு. வயல், வாழை, கத்தரித் தோட்டம், நடுவே ஒரு சின்னக் கடைத்தெரு. அந்தமானுக்குக் காய்கறி கொடுக்கும் தீவு அது. தாமிரபரணிக் கரையில் வயல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே மனம் ஒட்டிக்கொள்ளும்.

போர்ட் பிளேர் - ஹேவ்லாக் - நீல் - போர்ட் பிளேர் என்ற முக்கோணத்தை எந்தப் பக்கமிருந்தும் சுற்றலாம். ஆனால் ஸ்கூபா முக்குளிப்பு ஆசை உள்ளவர்கள் வீட்டில் ஒருவராவது இருந்தால் ஹேவ்லாக் முதலில் வர வேண்டும். முக்குளித்த உடம்போடு உடனே விமானம் ஏறக் கூடாது. அழுத்தக் காற்றைச் சுவாசித்தபோது இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்கு ஒரு முழு நாள் விட்டுவிடுவது நல்லது. ஹேவ்லாக்கில் முக்குளித்துவிட்டு நீலில் தங்கித் திரும்பினால் அந்த இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். மாற்றிச் சுற்றினால் கடைசி நாள் இடிக்கும்.

அடுத்தது, யார் வருகிறார்கள் என்ற கேள்வி. தீவைத் தேர்வு செய்வது பாதி, கூட வருகிறவர்களைத் தெரிந்துகொள்வது பாதி. வீட்டில் கடலில் இதுவரை ஏறாதவர் யாராவது இருந்தால், பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பு கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போய் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் ஏற்றிப் பாருங்கள். சில நிமிடப் பயணம்தான். ஆனாலும் படகு ஆடும்போது முகம் வெளுக்கிறதா, வாய் கசக்கிறதா, பிடித்த கம்பியை விடாமல் இருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். பெருமாள்புரத்து ஆச்சி அந்தப் படகில் ஏறி, "இதற்குப் போய் என்னைப் பயமுறுத்தினீர்களே" என்றாராம். தடுமாறியவர் அவருடைய மகன்தான். மகனுக்கு மாத்திரை வாங்க வைத்தோம், ஆச்சிக்கு ஜன்னலோர இருக்கை போட்டோம்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர் உண்டு என்று தெரிந்தால் தீவுகளின் எண்ணிக்கையை உடனே ஒன்று குறையுங்கள். மருத்துவரிடம் கேட்டு, தலைசுற்றல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது. காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பூரி கிழங்கு வேண்டாம். படகின் நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ கீழ்த்தளத்தில் உட்காருங்கள். முன்பக்கம்தான் அதிகமாகத் தூக்கிப் போடும். போனைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். தனியார் படகுகள் பெரும்பாலும் மூடிய, குளிரூட்டிய அறைகள், சீக்கிரம் போய்விடும். அரசுக் கப்பல் மெதுவானது, ஹேவ்லாக்குக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், டிக்கெட்டும் சுலபத்தில் கிடைக்காது. ஆனால் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். மூடிய அறையில் குமட்டுகிறவர்களுக்கு அரசுக் கப்பலே நல்லது. துறையும் வேறு. அரசுக் கப்பல் பீனிக்ஸ் பேயிலிருந்தும், தனியார் படகுகள் பெரும்பாலும் ஹாடோவிலிருந்தும் புறப்படும். ஆட்டோவில் ஏறுமுன் டிக்கெட்டைப் பார்த்துத் துறையின் பெயரைச் சொல்லுங்கள்.

மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. பொங்கல் முடிந்து பிப்ரவரி, மார்ச் மிகவும் நல்லது. பள்ளி விடுமுறை என்று மே கடைசியில் டிக்கெட் கேட்பவர்களை நான் தடுத்துவிடுவேன். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி அந்தமானுக்குப் போய்விடும். நமக்குக் குற்றாலத்தில் சாரல் தொடங்காத நாளிலேயே அங்கே கடல் கொந்தளிக்கும், படகை நிறுத்துவார்கள். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலின் புயல்கள். பிள்ளைகளோடு போக வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்த கையோடு போய்வாருங்கள்.

இனி, நம் பக்கத்துக்காரர்கள் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். கடல் ஏறுவதும் வற்றுவதும். உவரியிலோ தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ கடல் ஏறி இறங்கினாலும் அந்த வித்தியாசம் கண்ணில் படாத அளவுக்குக் குறைவு. அதனால் கடற்கரைக்கு எந்த நேரம் போனாலும் ஒன்றுதான் என்று நமக்குப் பழகிவிட்டது. அந்தமானில் அப்படி இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஓர் ஆள் உயரத்துக்கு நீர் வித்தியாசப்படும். நீல் தீவில் லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் கடல் அரித்து உண்டான ஒரு கல் வளைவு இருக்கிறது. தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் பாறைகள்மேல் நடந்து அதன் அடிக்குப் போக முடியும். ஏற்ற நேரத்தில் போனால் தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வற்றிய நேரத்தில் பாறைக் குழிகளில் நின்றுவிட்ட தண்ணீருக்குள் குனிந்து பார்க்கலாம். விரல் நீளத்துக்குச் சின்ன மீன்கள், கறுத்த கடல் அட்டைகள், கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு நம் நிழல் பட்டதும் நகரும் நண்டுகள். அந்தப் பிள்ளைகள் இரண்டும் அங்கிருந்து வர மறுத்து அழுதார்கள் என்று அவர்கள் அம்மா என்னிடம் சொன்னார். எதையும் தொட வேண்டாம், எடுக்க வேண்டாம். செருப்பு மட்டும் பிடிமானம் உள்ளதாக இருக்கட்டும், அந்தப் பாறை வழுக்கும்.

ஆனால் அதே நீலில் பரத்பூர் கடற்கரையில் பவளத்தைப் பார்க்கக் கண்ணாடி அடிப் படகு ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் இருக்கும் நேரம் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் எது முதலில், எது பிறகு என்று கடல்தான் முடிவு செய்யும். ஒரு நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் மாறும். அடுத்த நாள் அதே நிலை சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி வரும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி எப்போது என்று பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் தண்ணீர் நன்றாக வற்றும், கல் வளைவுக்குத் தோதான நாள்கள். அஷ்டமியை ஒட்டிப் போனால் ஏற்ற இறக்கம் குறைவு. அன்றைய நேரத்தைத் தங்கும் விடுதியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தேதியைக் காலண்டரில் பார்த்துத் தேர்வு செய்கிறவர்களுக்கு அதே பணத்தில் இரு மடங்கு தீவு கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

சூரியனையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே, சுமார் பதினைந்து பாகை தள்ளி இருக்கிறது. கடிகாரம் மட்டும் நம் கடிகாரம்தான். ஆகவே நம் ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே விடியும், இருட்டும். ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை மேற்கே இருக்கிறது, மாலைக்கு அதுதான். கிழக்கே காலாபத்தர் காலைக்கு. மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு நான்கரைக்கு அறையிலிருந்து கிளம்பினால் ராதாநகரில் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். படகுத்துறைப் பக்கத்திலிருந்து அது பத்துக் கிலோமீட்டருக்கு மேல். மூன்று மணிக்கே போய்விடுங்கள்.

போர்ட் பிளேரில் ஒரு பகல் மிச்சமிருந்தால் ராஸ் தீவு. அபர்தீன் துறையிலிருந்து கால் மணி நேரம். 1940களின் தொடக்கம்வரை வெள்ளைக்காரர்கள் அங்கிருந்துதான் அந்தமானை ஆண்டார்கள். இப்போது அவர்கள் கட்டிய தேவாலயத்தின் சுவர்களையும் மாளிகைச் சுவர்களையும் ஆலமர வகையைச் சேர்ந்த மரங்களின் வேர்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன. புள்ளி மான்கள் பக்கத்தில் வந்து நிற்கும். நடக்க முடியாதவர்களுக்கும் ஏற்ற தீவு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, படகு டிக்கெட் எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். செல்லுலார் சிறையை மாலை ஒளி ஒலிக் காட்சிக்கு மட்டும் என்று வைக்காமல் பகலிலும் நடந்து பாருங்கள். 1896இல் தொடங்கி 1906இல் முடித்த கட்டடம். ஏழு பிரிவுகளில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. நம் வ.உ.சி.க்கு 1908இல் திருநெல்வேலியில் விதிக்கப்பட்டது தீவாந்தர தண்டனை. பிறகு அது குறைக்கப்பட்டு அவர் கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்தார். கடல் தாண்டி அனுப்பப்பட்டிருந்தால் எந்த மாதிரி அறையில் நின்றிருப்பார் என்பதை நம் பிள்ளைகள் அங்கே கண்ணால் காணலாம். நெல்லைக்காரர்கள் பிள்ளைகளோடு போகிறபோது இதை விட்டுவிட்டு வரக் கூடாது.

முதல் காகிதத்தில் அடிக்க வேண்டிய பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். டிக்லிப்பூர் வட கோடியில் இருக்கிறது, சாலையில் போகவே ஒரு பகல் முழுதும் போய்விடும். ராஸ் - ஸ்மித் இரட்டைத் தீவை (இந்த ராஸ் வேறு) மணல் திட்டு இணைக்கும் அழகு அங்கேதான் இருக்கிறது, ஆனால் அது இரண்டாம் பயணத்துக்கு. லிட்டில் அந்தமானும் லாங் தீவும் அப்படியே. பேரன் தீவு எரிமலை, இறங்க அனுமதி இல்லை. நிக்கோபார் பெரும்பாலும் பழங்குடி மக்களின் காப்பிடம், சுற்றுலாப் பயணிகளுக்கு இல்லை. பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்கு விடியுமுன் கிளம்பி, ஜாரவா மக்களின் காட்டு வழியே வரிசையாகச் செல்லும் வண்டிகளில் போக வேண்டும். அந்த மக்களைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம். அவர்கள் வாழும் இடத்தினூடே வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதே எனக்கு உடன்பாடில்லை. ஆகவே என் கடையில் அதை நானாக யாருக்கும் சொல்வதில்லை.

அந்தமான்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. லட்சத்தீவில் 36 தீவுகள், மக்கள் வாழ்வது பத்தில். கொச்சியிலிருந்து கப்பலோ அகத்திக்கு விமானமோ. இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும், அது கிடைக்க நாளாகும். அனுமதியிலும் கப்பலிலும் எந்தத் தீவு கிடைக்கிறதோ அதுதான் உங்கள் தீவு, தேர்வு செய்ய அதிகம் இல்லை. பொறுமை உள்ளவர்களுக்கு நல்லது.

மாலத்தீவு நமக்கு நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. தூத்துக்குடித் தோணிகள் இன்றும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு அங்கே போகின்றன. நாம் குழம்பில் போடும் மாசிக்கருவாட்டின் ஊரும் அந்தக் கடல்தான். திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு விமானம் உண்டு. இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். பாஸ்போர்ட் கட்டாயம். சொகுசு விடுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவு, அங்கே போய்வரும் படகுக் கட்டணமே மிரட்டும். சாதாரணக் குடும்பத்துக்கு மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்களே சரி. மாபுஷி போல மாலேவுக்கு அருகில் ஒன்றை எடுத்து அங்கேயே தங்கி, பகலில் பக்கத்துத் தீவுகளுக்குப் போய்வாருங்கள். வெள்ளிக்கிழமை பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது. வந்து இறங்கும் நாள் வெள்ளியாக இருக்க வேண்டாம்.

பாஸ்போர்ட் இருந்தும் மொழிக்கு அஞ்சுகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்துத் தீவுகளைச் சொல்வேன். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் சின்னப் படகில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே தீவில். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆட்டம் அதிகம். அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளும், பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளும் வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காதவை. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகளையும் சிலர் கேட்பார்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே இருபத்தொரு தீவுகள், 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், வனத்துறை விடும் படகில் மட்டும் போங்கள். தெரிந்தவர் வள்ளம் வைத்திருக்கிறார் என்று போய் எந்தத் தீவிலும் இறங்காதீர்கள். பவளமும் கடல் புல்லும் கடல் பசுவும் பிழைத்துக் கிடக்கும் இடம் அது, நம் வீட்டு வாசல்.

முன்பதிவின் வரிசை இதுதான். முதலில் விமானம். அடுத்து, அறைக்கு முன்பாகப் படகு. அறையை முதலில் பிடித்துவிட்டுப் படகு கிடைக்காமல் தவிப்பவர்கள்தான் அதிகம். டிக்கெட்டில் பெயர் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஆச்சிக்கு மூன்று விதமாகப் பெயர் எழுதிய அட்டைகள் இருந்தால் எதைக் கையில் கொண்டுபோகிறார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கடைசி இரவு எப்போதும் விமான நிலையம் இருக்கும் தீவில். படகு ஒரு நாள் நின்றால் அந்த இரவுதான் உங்கள் விமான டிக்கெட்டைக் காப்பாற்றும். சின்னத் தீவுகளில் ஏடிஎம் குறைவு, இணையம் விட்டுவிட்டு வரும். ஆகவே பணம் கையில் இருக்கட்டும், படகு டிக்கெட்டுகளைக் காகிதத்தில் அச்செடுத்து எல்லோர் பையிலும் ஒவ்வொன்று வையுங்கள்.